பெரியம்மாவுக்குத் தொண்ணூற்றேழு மதிப்பெண்

எங்கள் நகரத்து மிருகக்காட்சிசாலையின் வரலாற்றைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், பதில் தயாராக வைத்திருக்கிறேன். அதன் வாசலுக்கு நேர் எதிரே இருபத்திரண்டு வருடமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். அங்கே அலுவலகத்தில் இருக்கும் மிஷின் பழுதாகி இருபத்தொரு வருடம் ஆகிறது. ஆகவே அந்த அலுவலகத்தில் பிறக்கும் ஒவ்வொரு காகிதமும் என் கடைக் கண்ணாடிமேல் குப்புறப் படுத்து எழுந்த பிறகுதான் வெளியுலகத்துக்குப் போகும். படுக்கப் போடுவதற்கு முன் நான் அதை ஒருமுறை படித்துவிடுவேன். படிக்கக் கூடாதுதான். கடையில் ஆள் வராத நேரத்தில் வேறு என்ன செய்வது?

வரலாறு இப்படி ஆரம்பிக்கிறது. நூற்றுப் பத்து வருடத்துக்கு முன் ஊரைவிட்டுப் போன ஒரு கப்பல் கேப்டன், தன்னிடமிருந்த ஒரு குரங்கையும் இரண்டு கிளிகளையும் நகரசபைக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார். அன்பளிப்பை வாங்கிக்கொள்ள விதி இருந்தது. திருப்பிக் கொடுக்க விதி இல்லை. எனவே குரங்கைப் பார்த்துக்கொள்ள ஒரு பராமரிப்பாளர் நியமிக்கப்பட்டார். பராமரிப்பாளரைப் பார்த்துக்கொள்ள ஒரு கண்காணிப்பாளர், கண்காணித்ததை எழுதி வைக்க ஒரு குமாஸ்தா, எழுதியதைப் பூட்டி வைக்க ஒரு பீரோ, பீரோ சாவியை வைத்துக்கொள்ள ஒரு ஆள். மூன்றாம் வருடம் குரங்கு செத்துப்போனது. யாரோ கூண்டைத் திறந்து வைத்ததில் கிளிகளும் பறந்துவிட்டன. அப்போது அலுவலகத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். பதினோரு பேரை வீட்டுக்கு அனுப்புவது ஈவிரக்கமற்ற செயல் என்று நகரசபை ஏகமனதாக முடிவெடுத்து, அவர்களுக்காக ஒரு சிங்கம், இரண்டு கரடி, ஒரு மலைப்பாம்பு ஆகியவற்றை வாங்கியது.

அன்றிலிருந்து இருபது வருடத்துக்கு ஒருமுறை புனரமைப்பு நடக்கும். முதலில் எல்லாம் கம்பிமயமாக இருந்தது. பிறகு கம்பி காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லி அகழி வெட்டினார்கள். அகழியில் கொசு வந்ததும் அதைத் தூர்த்துவிட்டுச் சுவர் எழுப்பி, சுவரெங்கும் காடு வரைந்தார்கள். வரைந்தவருக்குத் தென்னந்தோப்பு ஒன்றுதான் வரைய வரும். பனிக்கரடிக்குப் பின்னாலும் அதையே வரைந்தார். பிறகு சுவரை இடித்துவிட்டுக் கண்ணாடி வைத்தார்கள். ஒவ்வொரு புனரமைப்பின் முடிவிலும் இனி நூறு வருடத்துக்குக் கை வைக்கத் தேவையில்லை என்று கல்வெட்டு வைப்பார்கள். அந்தக் கல்வெட்டுகளை அடுத்த புனரமைப்பில் நடைபாதைக்குப் போட்டுவிடுவார்கள். நல்ல கல், இன்னும் வழுக்குவதில்லை.

இந்தக் கலவரங்களுக்கு நடுவே நாலு வயதில் வந்து சேர்ந்து, இப்போது நாற்பத்தொரு வயதாகும் நீர்யானைதான் பெரியம்மா. ஊரில் எல்லாருக்கும் அவள் பெரியம்மா. ஒன்றரை டன் எடை. அவளைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர் என் தங்கை வீட்டுக்காரர், எனக்கு மாப்பிள்ளை. இருபத்தொன்பது வருடமாக அவளுக்குப் புல் போட்டு, குளம் கழுவி, வாரம் ஒருமுறை பல் தேய்த்துவிடுகிறார். பல் தேய்ப்பதற்காக அவர் ஒரு பழக்கம் செய்து வைத்திருந்தார். வாளியில் மூன்று தட்டுத் தட்டினால் பெரியம்மா நீருக்குள்ளிருந்து எழுந்து வந்து, கரையில் தாடையை வைத்து, வாயைத் திறந்து காட்டுவாள். தேய்த்து முடித்ததும் ஒரு முட்டைக்கோஸ். நாளடைவில் வாளி தேவைப்படவில்லை. யார் வந்து நின்று "பெரியம்மா" என்றாலும் எழுந்து வந்து வாயைத் திறப்பாள். அவளோடு இருந்த ஆண் நீர்யானை செத்து இருபது வருடமாகிறது. அதற்குப் பிறகு அவளுக்கு இருந்த துணையெல்லாம் கரையில் நிற்கும் மனிதர்கள்தான்.

போன வருடம் ஊருக்கு 'இயல்பு' என்று ஒரு மோகம் பிடித்தது. சோப்பு வாங்கினால் இயல்பு சோப்பு. தலையணை வாங்கினால் இயல்புத் தலையணை, உள்ளே சருகு. என் மனைவி இயல்பாக நடப்பது எப்படி என்று ஒரு வகுப்புக்குப் போனாள். ஆறு வாரம் நொண்டினாள். மிருகக்காட்சிசாலை மட்டும் பின்தங்கலாமா? ஐந்தாம் புனரமைப்புக்கு ஒரு ஆலோசகரை வரவழைத்தார்கள்.

ஆலோசகர் வெறுங்காலோடு மண்ணை உணர்ந்தபடி நடப்பவர். அவருடைய ஷூவை ஒருவர் பின்னால் எடுத்துக்கொண்டு வருவார். இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு நாற்பது பக்க அறிக்கை ஒன்றைக் கொடுத்தார். அதன்படி கூண்டு இனிமேல் கூண்டல்ல, 'வாழிடம்'. பார்வையாளர் இனிமேல் பார்வையாளர் அல்ல, விலங்கின் கண்ணோட்டத்தில் 'இடையூறு'. டிக்கெட்டில் கூட 'இடையூறு, பெரியவர், ஒன்று' என்று அச்சடித்தார்கள். ஜனங்கள் அதை வாங்கிக்கொண்டு பெருமையாக உள்ளே போனார்கள்.

இதில் முக்கியமானது இயல்பு மதிப்பெண். ஒவ்வொரு வாழிடத்திலும் கேமரா வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதிப்பெண் போடுவார்கள். மனிதரைச் சட்டை செய்யாத விலங்குக்கு உயர்ந்த மதிப்பெண். மனிதரைப் பார்த்து ஓடி வரும் விலங்கு இயல்பு கெட்டது. அறுபதுக்குக் கீழே போனால் எண்ணூறு மைல் தள்ளி இருக்கும் மறுவாழ்வு மையத்துக்கு லாரியில் அனுப்பிவிடுவார்கள். விலங்குக்கும் அந்தரங்கம் உண்டு என்பதால் கேமரா எதையும் தெளிவாகக் காட்டக் கூடாது. மங்கலான சாம்பல் நிற உருவமாகத்தான் காட்ட வேண்டும். தலைமை அலுவலகத்தில் ஆலோசகர் அந்தச் சாம்பலைப் பார்த்து மதிப்பெண் போடுவார்.

இந்த விதிகளைச் சொல்லும் சுற்றறிக்கை நகலெடுக்க என் கடைக்கு வந்தது. அதைப் படித்ததும் எனக்கு என் மாப்பிள்ளையின் ஞாபகம்தான் வந்தது. அவரைக் கடைக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

"மச்சான், டாக்டரைக் கேட்டுட்டேன். இந்த வயசுல எண்ணூறு மைல் லாரியில போனா வழியிலேயே போயிடுவாளாம்" என்றார் மறுநாள். சொல்லும்போதே அழுதுவிட்டார். இருபத்தொன்பது வருடத்தில் அவர் என் தங்கையிடம் பேசியதைவிடப் பெரியம்மாவிடம் பேசியது அதிகம். என் தங்கையே இதைச் சொல்வாள், குறையாகச் சொல்ல மாட்டாள்.

பெரியம்மாவுக்கு மனிதரைக் கண்டால் பிடிக்காமல் செய்ய வேண்டும். இதுதான் எங்கள் முன்னால் இருந்த வேலை. நான் தினமும் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுப் போய்க் கரையில் நின்று முறைத்தேன். அவள் வந்து வாயைத் திறந்தாள். என் வாழ்க்கையில் யாரையும் திட்டாத வார்த்தைகளால் அவளைத் திட்டினேன். இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தாள். மாப்பிள்ளை ஒரு வாரம் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே புல் போட்டார். அவள் அவருடைய முதுகுக்கு வாயைத் திறந்து காட்டினாள். எட்டாம் நாள் அவர் திரும்பி நின்று மன்னிப்புக் கேட்டார். இனி என்ன வந்தாலும் வரட்டும் என்று விட்டுவிட்டோம்.

இந்த இடத்தில் கண்காணிப்பாளரை அறிமுகப்படுத்தியாக வேண்டும். குரங்குக் காலத்தில் ஏற்படுத்திய அதே பதவி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சலுகை டிக்கெட், சுற்றியுள்ள கடைகளுக்கு உரிமம், ஓய்வு பெற்றவர்களுக்குப் பென்ஷன், மயில் கத்துகிறது தூங்க முடியவில்லை என்ற புகார் எல்லாவற்றுக்கும் அவர் கையெழுத்து வேண்டும். ஊரில் அவர் பெயர் 'இப்பத்தான்'. எப்போது போய்க் கேட்டாலும் வாசலில் இருக்கும் உதவியாளர், "இப்பத்தான் வெளியே போனாரு" என்பார். அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். நாற்காலி முதுகில் கோட்டு தொங்கும். மேஜைமேல் மூக்குக் கண்ணாடியும் மூடி கழற்றிய பேனாவும் இருக்கும். இவை மூன்றும்தான் பதினான்கு வருடமாக அந்தப் பதவியை வகித்து வந்தன. அவர் பழைய யானைக் கொட்டகையில் டிக்கெட் கிளார்க்கோடு செஸ் ஆடிக்கொண்டிருப்பார்.

மூன்று மாதம் கழித்து முதல் அறிக்கை என் கண்ணாடிமேல் வந்து படுத்தது. எடுத்துப் படித்தேன்.

'ஏழாம் எண் வாழிடத்தில் உள்ள விலங்கு தன் இயல்பை முழுமையாகப் பேணி வருகிறது. பகலின் பெரும்பகுதி ஒரே இடத்தில், மெல்லிய மூச்சசைவு தவிர வேறு அசைவின்றி இருக்கிறது. இடையூறுகள் எதிரில் மணிக்கணக்கில் நின்று, கெஞ்சியும், குரலெழுப்பியும், வெள்ளையாக எதையோ ஆட்டிக் காட்டியும் கவனத்தை ஈர்க்க முயன்றபோதும் தலை திருப்பவில்லை. உணவு வேளையில்கூட இடத்தைவிட்டு எழுவதில்லை. மனிதத் தொடர்பால் துளியும் கெடாத இத்தகைய விலங்கைக் காண்பது அரிது. மதிப்பெண் 97.'

ஏழாம் எண் பெரியம்மாவுடையது. மாப்பிள்ளை அறிக்கையை மூன்று முறை படித்துவிட்டு, "இது அவ இல்ல மச்சான்" என்றார். நேராகக் குளக்கரைக்குப் போய் ஏணி வைத்து ஏறிக் கேமராவின் பின்பக்கத்தைப் பார்த்தார். அதில் 'பணியாளர் வருகை மற்றும் மக்கள் சேவைக் கண்காணிப்பு' என்று ஒட்டியிருந்தது. தேடிப் போய்ப் பார்த்தால், மிருகங்களுக்கான கேமரா கண்காணிப்பாளரின் அறையில் இருந்தது.

நடந்தது இதுதான். மிருகங்களைப் பார்ப்பது ஒரு துறை, பணியாளர்களைப் பார்ப்பது வேறொரு துறை. இரண்டும் ஒரே மாதத்தில் கேமரா அனுப்பின. மிருகக் கேமராவைக் கொண்டுவந்த எலக்ட்ரீஷியன் குளத்துக்குள் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், அதில் கண்காணிப்பாளர் கையெழுத்திட வேண்டும். எலக்ட்ரீஷியன் அவர் அறையில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் அவருக்கு வேறு ஊரில் வேலை. உட்கார்ந்திருந்த ஸ்டூல்மேலேயே ஏறி, அந்தச் சுவரிலேயே கேமராவை மாட்டி, 'ஏழாம் எண் வாழிடம், பொருத்தப்பட்டது' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுவாரம் பணியாளர் கேமராவோடு இன்னொருவர் வந்தார். ஒரே அறையில் இரண்டு கேமரா கூடாது என்பது அவருக்குத் தரப்பட்ட விதி. மாட்டாமல் திருப்பி எடுத்துப் போகவும் அவருக்கு அனுமதி இல்லை. சுற்றிப் பார்த்ததில் கேமரா இல்லாத இடம் குளக்கரை ஒன்றுதான். பணியாளர் கேமராவுக்கு அனுமதிச் சீட்டும் தேவையில்லை. அங்கே மாட்டிவிட்டார். பிறகு தணிக்கைக்கு வந்தவர் கேமராக்களை எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்தது.

பணியாளர்களையும் அவர்களுடைய சங்கத்தின் கோரிக்கைப்படி மங்கலாகத்தான் காட்ட வேண்டும் என்பதால், அந்தத் துறையும் சாம்பலைப் பார்த்தே அறிக்கை எழுதியது. அது மறுநாள் வந்தது. கண்காணிப்பாளர் காலை ஆறு மணிக்கே தன் இடத்தில் இருக்கிறாராம். மாலை வரை விலகுவதில்லையாம். பொதுமக்கள் அழைத்த மாத்திரத்தில் எழுந்து அவர்களிடம் வருகிறாராம், ஒவ்வொருவரிடமும் தவறாமல் வாய் திறக்கிறாராம். மாநிலத்திலேயே சிறந்த பணியாளர் என்று பாராட்டுப் பத்திரம் இணைத்திருந்தார்கள். கடைசி வரியில், உடல் எடையில் சற்றுக் கவனம் செலுத்துமாறு அறிவுறுத்தியிருந்தார்கள். இப்பத்தான் சார் குச்சி மாதிரி இருப்பார். அவர் பத்திரத்தை வாங்கிப் படித்துவிட்டு, மேலிடம் காரணம் இல்லாமல் சொல்லாது என்று அன்றிலிருந்து சர்க்கரையைக் குறைத்துக்கொண்டார்.

பெரியம்மா பிழைத்துவிட்டாள் என்று நானும் மாப்பிள்ளையும் இரண்டு நாள் சிரித்துக்கொண்டே இருந்தோம். மூன்றாம் நாள்தான் நான் செய்த காரியம் தெரிந்தது. மூன்று மாதத்துக்கு முன் அந்தச் சுற்றறிக்கையின் முன்பக்கத்தை மட்டும்தான் படித்திருந்தேன். பின்பக்கத்தில் இன்னொரு விதி இருந்தது. தொண்ணூற்றைந்துக்குமேல் வாங்கும் விலங்கு அடைபட்டிருப்பது அநீதி. அடுத்த காலாண்டிலும் அதே மதிப்பெண் வாங்கினால் அதைக் காட்டாற்றில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்.

முட்டைக்கோஸை நாலாக வெட்டிக் கொடுத்தால்தான் பெரியம்மா தின்பாள். அவளைக் காட்டாற்றில் விட்டால் யாராவது வெட்டிக் கொடுப்பார்கள் என்று வாயைத் திறந்துகொண்டே இருப்பாள். 

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருவரும் இயக்குநரைப் பார்க்கப் போனோம். மிருகக்காட்சிசாலைக்கே பெரியவர் அவர். நல்ல மனிதர், யாரையும் நோகடிக்க மாட்டார். அதனாலேயே அங்கே எதுவும் நடக்காது. மாப்பிள்ளை விஷயத்தைச் சொன்னார். இயக்குநர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அப்போ தொண்ணூத்தேழு வாங்கினது யாரு?"

"கண்காணிப்பாளர் சாரோட கோட்டு சார்."

"மூச்சசைவுன்னு போட்டிருக்காங்களே."

"ஃபேன் காத்துல கை ஆடும் சார்."

இயக்குநர் கதவு சாத்தியிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டார். "சரி, கேமராவை மாத்தி வைக்கிறோம்னு வச்சுக்குங்க. கூப்பிட்டா வர்றான்னு பெரியம்மாவை அனுப்பிடுவாங்க. கூப்பிட்டா வரலைன்னு அவரையும் அனுப்பிடுவாங்க. ரெண்டு பேரும் வயசானவங்க. எண்ணிக்கை சரியா இருக்கிற விஷயத்தை நாம ஏன் கிளறணும்?"

"காட்டாத்துல விட்டுடுவாங்களே சார்."

"மார்க்கைக் குறைங்க."

"எப்படி சார்?"

"ஏழாம் நம்பர் வாழிடத்துல இருக்கறது மனுஷங்களைப் பார்த்தா கொஞ்சம் திரும்பிப் பார்க்கணும். கூப்பிட்டா வரணும். அவ்வளவுதானே? பழக்கறதுதான் உங்க வேலை. இருபத்தொன்பது வருஷ அனுபவம் இருக்கு." இயக்குநர் கதவைத் திறந்து விட்டார். "ரொம்பப் பழக்கிடாதீங்க. அறுபதுக்குக் கீழ போச்சுன்னா மறுபடி லாரி."

வெளியே வந்து நடைபாதையில் பழைய கல்வெட்டுகளின்மேல் நின்றோம். மாப்பிள்ளை வெகுநேரம் யானைக் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவை வாய் திறக்கப் பழக்கியதைவிட இது கஷ்டம்தான், ஆனால் முறை ஒன்றுதான் என்றார். ஒரே நேரம், ஒரே சத்தம், சரியாகச் செய்தால் உடனே ஏதாவது தின்னக் கொடுக்க வேண்டும், செய்யாவிட்டால் திட்டவும் கூடாது கொடுக்கவும் கூடாது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை ஒரு டம்ளர் டீயும், சுடச்சுட வெண்ணெய் பன்னும் எடுத்துக்கொண்டு யானைக் கொட்டகை வாசலில் நின்று, டம்ளரில் கரண்டியால் மூன்று தட்டுத் தட்டினார். சர்க்கரையைக் குறைத்து வாடிப்போயிருந்த மனிதர் செஸ் பலகையிலிருந்து தலையைத் தூக்கினார். தூக்கியதற்கு ஒரு துண்டு பன் கிடைத்தது. மறுநாள் அதே நேரம், அதே தட்டல், ஆனால் பத்தடி தள்ளி. அதற்கு மறுநாள் இன்னும் பத்தடி. இடையில் ஒருநாள் மழை பெய்ததில் இரண்டு நாள் பின்னுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை அவசரப்படவில்லை. பன்னிரண்டாம் நாள் இப்பத்தான் சார் தன் சொந்த அறைக்குள் வந்து, தன் சொந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கோட்டைப் பார்த்து, இது யாருடையது என்று கேட்டாராம்.

உட்கார வைத்தாயிற்று. அடுத்து மனிதரைப் பார்த்து மிரளாமல் இருக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு ஆளை, அதுவும் தூரத்தில், கதவோரமாக நிற்க வைத்தார். அந்த ஆள் நான்தான். மிரளவில்லை, பன். பிறகு நான் மேஜை வரைக்கும் வந்தேன். பிறகு கையில் ஒரு காகிதம். அந்தக் கட்டத்தில் அவர் இரண்டு முறை எழுந்து ஓடினார். மூன்றாம் வாரம் காகிதத்தைத் தொட்டார். நாலாம் வாரம் படித்தார். ஐந்தாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றே கால் மணிக்குக் கையெழுத்துப் போட்டார். மாப்பிள்ளை முழு பன்னையும் கொடுத்துவிட்டு வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அந்த மனிதர்மேல் உண்மையாகவே பாசம் வந்துவிட்டது. அவரை ஒருநாளும் கேலி செய்ததில்லை. பெரியம்மாவுக்குக் கொடுத்த மரியாதையில் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

ஊருக்கு விஷயம் பரவியது. கண்காணிப்பாளர் அறையில் கண்காணிப்பாளர் இருக்கிறார் என்பதை முதலில் யாரும் நம்பவில்லை. ஒரு பள்ளித் தலைமையாசிரியை நாலு வருடமாக அலைந்த சலுகைச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, கடையில் என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பதினோரு வருடத்துக்கு முன் கொடுத்த மயில் புகாருக்கு உத்தரவு வந்தது. கத்திய மயில் செத்து ஆறு வருடமாகியிருந்தது. புகார் கொடுத்தவர் உத்தரவைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்தார். எனக்குத் தினமும் ஐம்பது நகல் கூடுதலாக ஓடியது. அந்த ஒரு மாதம் ஊரே கொஞ்சம் நிமிர்ந்து நடந்தது. பொய் சொல்லவில்லை, எனக்கே சந்தோஷமாக இருந்தது.

பிறகு நம் ஜனங்கள் தட்டும் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவர் தானே ஒரு டம்ளரும் கரண்டியும் வாங்கிக்கொண்டு வந்தார். பன்னுக்குப் பதில் கேக் கொண்டுவந்தார். அவருடைய காகிதம் முதலில் போனது. அதைப் பார்த்த அடுத்தவர் முந்திரி கேக் கொண்டுவந்தார். அதற்கடுத்தவர் பெட்டியாகவே கொண்டுவந்து, ரிப்பன் கட்டி வைத்தார். இரண்டே வாரத்தில் வரிசை வாசல் வரை நீண்டது. ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு டம்ளர். அந்த வராந்தாவில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது, அவ்வளவு தட்டல். வாசலில் இருந்த உதவியாளரும் கொஞ்சம் கொஞ்சமாகக் குண்டாகிவிட்டார்.

மாப்பிள்ளை வரிசையில் நின்றவர்களிடம் போய்க் கெஞ்சினார். "அளவுக்கு மேல கொடுக்காதீங்க. பழகின பிறகு கொடுக்கறதைக் குறைச்சுக்கிட்டே வந்து நிறுத்திடணும். அப்பதான் தானா செய்வாங்க. பெரியம்மாவுக்கு அப்படித்தான் செஞ்சேன். இப்ப சும்மா கூப்பிட்டாலே வர்றா."

"எங்க காகிதம் நகரட்டும், அப்புறம் குறைச்சுக்கலாம்" என்றார்கள். ஒவ்வொருவரும் அதையேதான் சொன்னார்கள். இப்பத்தான் சார் இப்போது வெறுங்கையோடு வருபவரைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டார். சிறிய பெட்டிக்குப் பாதிக் கையெழுத்துதான் போட்டார்.

காலாண்டு முடிந்தது. அறிக்கை வந்த அன்று மாப்பிள்ளை என் கடையிலேயே காத்துக்கொண்டிருந்தார். கவரைப் பிரித்து முதலில் எண்ணைத்தான் பார்த்தோம். எழுபத்தெட்டு. லாரியும் இல்லை, காட்டாறும் இல்லை. மாப்பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு ஒரு முழு முட்டைக்கோஸை வாங்கிக்கொண்டு, போகும் வழியிலேயே அதை நாலாக வெட்டியபடி குளத்துக்கு ஓடினார். கரைக்குப் போகுமுன்பே பெரியம்மா தாடையைக் கரைமேல் வைத்து வாயைத் திறந்து காத்திருந்தாளாம். பணியாளர் பிரிவில் அவளுக்கு இரண்டாவது முறையாகச் சிறந்த பணியாளர் பத்திரம் வந்தது. எடை விஷயத்தை இந்த முறையும் நாசூக்காகக் குறிப்பிட்டிருந்தார்கள்.

கடையில் தனியாக நான் மட்டும் நின்று, அறிக்கையின் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தேன். பட்ட பிறகு வந்த புத்தி. பின்பக்கத்தில் ஆலோசகர் எழுதியிருந்தார்.

'ஏழாம் எண் வாழிடத்தில் உள்ள விலங்கின் இயல்பு இக்காலாண்டில் வேகமாகக் கெட்டு வருகிறது. காரணம் ஆராயப்பட்டது. குறை விலங்கினுடையது அல்ல. இடையூறுகள் தங்கள் காரியம் சீக்கிரம் நடக்க வேண்டும் என்பதற்காகப் போட்டி போட்டுக்கொண்டு உணவு கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் வருபவரை இப்போது அது ஏறிட்டும் பார்ப்பதில்லை. இது பிறவிக் குணம் அன்று, கொடுத்தவர்கள் கற்றுக் கொடுத்த குணம். உணவு கொடுப்பதைத் தடுக்கும் அறிவிப்புப் பலகை ஒன்று, கேமராவில் தெரியும்படி, அவ்வாழிடத்தில் உடனே வைக்கப்பட வேண்டும்.'

பலகை இரண்டே நாளில் தயாராகி வந்தது. அந்த அலுவலகத்தில் ஒரு வேலை இரண்டு நாளில் முடிந்தது அதுதான் முதல் தடவை. கேமராவில் தெரிய வேண்டும் என்று உத்தரவு இருந்ததால், பலகையைக் கொண்டுவந்தவர் ஏழாம் எண் கேமராவைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்கு எதிரில், கண்காணிப்பாளர் அறைக் கதவில் ஆணி அடித்து மாட்டினார். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. 'தயவுசெய்து உணவு கொடுக்காதீர்கள். நீங்கள் கொடுப்பதே இதன் இயல்பைக் கெடுக்கிறது.'

அடுத்த திங்கட்கிழமை என் கடை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் முப்பது பேர் இருந்தார்கள். எல்லாரும் பலகையைப் படித்தார்கள். ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் உரக்கவே படித்தார். "எவ்வளவு சரியா எழுதியிருக்காங்க பாருங்க. அவரைச் சொல்லிக் குத்தமில்ல. இந்த ஜனங்கதான் கொடுத்துக் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்கு" என்றார். வரிசை முழுவதும் ஆமாம் ஆமாம் என்றது. எனக்குப் பின்னாலிருந்த அம்மாள் வெட்கம் கெட்ட ஜனங்கள் என்றார். நானும் ஆமாம் என்றேன், மனப்பூர்வமாகவே சொன்னேன். பிறகு கதவு திறந்தது. வாத்தியார் கையிலிருந்த கேக் பெட்டியைப் பலகையின் கண்ணில் படாமல் முதுகுக்குப் பின்னால் மாற்றிக்கொண்டு உள்ளே போனார். அவருடைய பெட்டியின் அளவை நான் கவனித்தேன். என்னுடையது அதைவிட ஒரு விரற்கடை பெரிதாக இருந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.